பக்கத்து நாடும் பக்கத்து வீடும்

"பக்கத்து நாடுதானே! அதுவும் முஸ்லிம் நாடு. உங்களுக்கென்ன கஷ்டம்?"

என் உம்மாவுக்கு மாலைதீவில் கணித ஆசிரியை வேலை கிடைத்தபோது, எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. வாப்பா கடையைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே தங்க, உம்மாவும் நானும் தம்பியும் புறப்பட்டோம். அப்போது நான் தரம் 7 முடித்திருந்தேன். தம்பி தரம் 2. மூன்று வருடங்கள் அங்கே வாழ்ந்துவிட்டுத் திரும்பி வந்து, இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறேன். இன்றும் யாராவது பிள்ளைகளோடு வெளிநாடு போகப்போவதாகக் கேள்விப்பட்டால் அந்தப் பழைய வார்த்தைகள் நினைவுக்கு வருகின்றன. அவை அன்பாகச் சொல்லப்பட்டவைதாம். ஆனால் எங்களை அதிகம் ஏமாற்றியவையும் அவைதாம். "கஷ்டமில்லை" என்று நம்பிப் போனதால் நாங்கள் எதற்கும் ஆயத்தமாகவில்லை.

மாலைதீவு நமக்கு நெருங்கிய நாடு என்பதில் சந்தேகமில்லை. கொழும்பிலிருந்து மாலேக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். 1887 முதல் அந்நாடு பிரித்தானியரின் பாதுகாப்பில் இருந்தபோது அதன் வெளிவிவகாரங்கள் இலங்கை ஆளுநர் வழியாகவே நடந்தன. 1965 ஜூலை 26ஆம் திகதி அது சுதந்திரம் பெற்ற ஒப்பந்தம் கைச்சாத்தானதும் கொழும்பில்தான். நமது உம்மாமார் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசியும் அங்கிருந்து வந்த பொருள்தான். இவையெல்லாம் உண்மை. ஆனால் வரைபடத்தில் பக்கத்தில் இருப்பது வேறு, வாழ்க்கையில் பக்கத்தில் இருப்பது வேறு.

அந்நாட்டில் ஏறத்தாழ 1,200 தீவுகள் இருக்கின்றன. மக்கள் குடியிருப்பது 200க்கும் குறைவான தீவுகளில்தான். எங்களுக்குக் கிடைத்தது மாலேயிலிருந்து ஓர் இரவு முழுவதும் படகில் போகவேண்டிய சிறிய தீவு. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரைக்கு நடந்தே போய்விடலாம். மலை இல்லை, ஆறு இல்லை. வந்த இரண்டாம் நாள் தம்பி, "உம்மா, இங்க ஆறு எங்க இருக்கு?" என்று கேட்டான். உம்மா கடலைக் காட்டினார். அவன் அழத் தொடங்கிவிட்டான்.

சின்னச் சின்ன விடயங்களே எங்களைத் தடுமாற வைத்தன. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பாடசாலை. இங்கே வெள்ளிக்கிழமையில் ஜும்ஆவுக்காக நேரத்தோடு வீடு வந்து பழகிய எனக்கு, ஞாயிறு காலையில் சீருடை போடுவது பல மாதங்களுக்கு ஒரு தண்டனை போலவே இருந்தது. நேரமும் அரை மணித்தியாலம் பிந்தியது. வாப்பா கடையை மூடிவிட்டு இரவு ஒன்பதுக்கு அழைத்தால் எங்களுக்கு எட்டரை. குடிப்பதற்குத் தாங்கியில் சேர்த்துவைத்த மழைநீர், குளிப்பதற்கு உப்புக் கரிக்கும் நிலத்தடி நீர். தலைமுடி கயிறு மாதிரி ஆகிவிட்டது என்று நான் சொல்லாத நாளில்லை. அரிசி, மா, சீனி எல்லாம் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். மரக்கறி வேண்டுமென்றால் சாமான் படகு வரும் நாளைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பிடி கங்குன் கீரையின் அருமை எனக்கு அங்கேதான் தெரிந்தது.

மாலைதீவுப் பணம் ருபியா. உம்மாவின் சம்பளத்தை இலங்கை ரூபாயில் கணக்குப் பார்த்தவர்கள் பொறாமைப்பட்டார்கள். அந்த ருபியாவை டொலராக்கி ஊருக்கு அனுப்ப உம்மா பட்ட பாட்டை அவர்கள் பார்க்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக மொழி. பக்கத்து வீட்டாருக்கு நாங்கள் ஸலாம் சொன்னோம், அவர்களும் புன்னகையோடு பதில் சொன்னார்கள். அதற்குப் பிறகு பேசுவதற்கு இருபுறமும் ஒரு சொல்லும் இருக்கவில்லை. "முஸ்லிம் நாடுதானே" என்ற நம்பிக்கை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஒரே கிப்லாவை நோக்கித் தொழுகிறோம், நம்மைப் போல அவர்களும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். ஆனாலும் "தம்பிக்குக் காய்ச்சல்" என்று சொல்ல என்னால் முடியவில்லை. பெருநாளில்கூட இந்த இடைவெளி தெரிந்தது. ஒரு வருடம் அங்கே பிறை தென்பட்டு நாங்கள் பெருநாள் தொழுகை முடித்து வந்தபோது, தொலைபேசியின் மறுபக்கத்தில் வாப்பா நோன்போடு இருந்தார். புது உடுப்போடு அன்று முழுவதும் நான் அழுதேன்.

இந்த இடத்தில் எங்கள் தவறையும் சொல்லவேண்டும். அதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதவே தொடங்கினேன்.

அந்தத் தீவில் இன்னும் மூன்று இலங்கைக் குடும்பங்கள் இருந்தன. முதல் ஆறு மாதமும் நாங்கள் அவர்களோடு மட்டுமே பழகினோம். மாலையில் ஒன்றுகூடுவோம். பருப்புக் கறி, சொதி, பொல் சம்பல் என்று சாப்பிடுவோம். ஊர்க்கதை கதைப்போம். போகப் போக எங்கள் பேச்செல்லாம் அந்த ஊர் மக்களைக் குறை சொல்வதாகவே மாறிவிட்டது. அவர்களுக்கு மீனைத் தவிர வேறொன்றும் தெரியாது, பிள்ளைகளை வளர்க்கத் தெரியாது, எதிலும் அவசரமே இல்லை என்று சொல்லிச் சிரித்தோம். அவர்கள் கொடுத்த வேலையில் சம்பாதித்து, அவர்கள் ஊரில் இருந்துகொண்டே சொன்னோம்.

பக்கத்து வீட்டில் ஒரு நடுத்தர வயதுப் பெண் இருந்தார். நாங்கள் வந்த முதல் வாரமே ஒரு பீங்கான் நிறைய மாஸ் ஹுனியும் ரொஷியும் கொண்டுவந்து தந்தார். மீனும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் கொச்சிக்காயும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துப் பிசைந்ததுதான் மாஸ் ஹுனி. ரொஷி என்பது நமது ரொட்டியைப் போன்றது. நாங்கள் அதைச் சாப்பிட்டுவிட்டு, பீங்கானைக் கழுவி அவர்களுடைய மதிலில் வைத்துவிட்டு வந்தோம். வெறும் பீங்கான்! நமது ஊரில் நோன்பு காலத்தில் அயல்வீட்டிலிருந்து ஒரு கோப்பை கஞ்சி வந்தால், அந்தக் கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்போமா? நம் உம்மாமார் அதற்கு விடுவார்களா? ஊரில் பிழையென்று தெரிந்தது, வெளிநாட்டில் பிழையாகத் தெரியவில்லை. "அவர்கள் வேறு ஆட்கள்" என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம்.

அந்தப் பெண் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் உம்மா பாடசாலைக் கூட்டத்திற்குப் போயிருந்த நேரம் தம்பிக்குக் கடுமையான காய்ச்சல். அவன் நடுங்குவதைக் கண்டு நான் வாசலுக்கு ஓடினேன். வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டே உள்ளே வந்தார். தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஃபென், ஃபென்" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவரே குசினிக்குள் போய்த் தண்ணீர் எடுத்துவந்து அவனுக்குப் பருக்கி, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்திற்கு நடந்தார். நான் செருப்புமில்லாமல் பின்னால் ஓடினேன்.

அன்று இரவு உம்மாவிடம் "ஃபென்" என்றால் தண்ணீராம் என்று சொன்னேன். உம்மா சற்று யோசித்துவிட்டு, "சிங்களத்தில் 'பென்' என்று ஒரு சொல் இருக்கே, அதுவும் தண்ணீர்தான்" என்றார். எங்களுக்கு ஒரு கதவு திறந்தது அப்போதுதான்.

திவேஹி மொழியும் சிங்களமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மொழிகள் என்பதை அதற்குப் பிறகே அறிந்தேன். சூரியன் சிங்களத்தில் இர, திவேஹியில் இரு. சந்திரன் ஹந்த, அங்கே ஹந்து. நாள் தவச, அங்கே துவஸ். உப்பு லுணு, அங்கே லொனு. நான்கு ஹதர, அங்கே ஹதரே. சிங்களத்தில் "ப" வருகிற பல சொற்களில் திவேஹியில் "ஃப" வரும். புத்தகம் பொத, அங்கே ஃபொத். ஐந்து பஹ, அங்கே ஃபஹே. இந்த விதியைக் கண்டுபிடித்த நாளில் நானும் தம்பியும் இரவு பதினொரு மணிவரை சொல் தேடி விளையாடினோம். நமது தமிழுக்கும் அங்கே சொந்தம் இருந்தது. படகுக்குப் பெயர் தோனி. முருங்கைக்கு முரங்கா. தந்தையை பாப்பா என்கிறார்கள், கேட்டால் நமது வாப்பா மாதிரியே இருக்கும். மூத்த சகோதரியைத் தத்தா என்கிறார்கள். மூத்த சகோதரியைத் தாத்தா என்று கூப்பிட்டுப் பழகிய எங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! ஆனால் பாட்டியை அவர்கள் மாமா என்பார்கள். "மாமா வருகிறார்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாசலில் காத்திருந்த தம்பி, ஒரு வயோதிபப் பெண் வந்ததும் திகைத்துப் போனான்.

அவர்களுடைய எழுத்து தானா. அரபைப் போல வலமிருந்து இடமாக எழுதப்படும், உயிரொலிக்கு மேலும் கீழும் குறிகள் வரும். குர்ஆன் மத்ரஸாவில் படித்த எனக்கு இது இலேசாக இருக்குமென்று நினைத்தேன். பார்த்தால் அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு இலக்கங்களிலிருந்து உருவானவை. "ஹா" என்ற எழுத்து ஒன்றைப் போலவும் "நூனு" மூன்றைப் போலவும் இருக்கும். நான் எழுத்துக்கூட்டுவதைப் பார்த்து வகுப்பில் சிரித்தார்கள். ஆனால் அது விலக்கி வைக்கும் சிரிப்பல்ல. சிரித்த பிள்ளைகளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து கற்றும் தந்தார்கள்.

இங்கே இருந்தபோது சிங்களப் பாடவேளையை நாங்கள் எப்படி நடத்தினோம் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "இது எங்கள் மொழியில்லையே" என்று பின்வரிசையில் உட்கார்ந்து வேறு பாட வீட்டுவேலை செய்த பாடவேளை அது. நமது சொந்த நாட்டில் பக்கத்துத் தெருவில் பேசப்படும் மொழி, கடலுக்கு அப்பால் இன்னொரு நாட்டின் கதவையும் திறக்குமென்று யார் நினைத்தோம்? தங்கைகளே, எந்த மொழிப் பாடத்தையும் வீணென்று நினைக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுத் தத்தாவுக்கு உம்மா வட்டிலப்பம் செய்து அனுப்பினார். முட்டையும் கருப்பட்டியும் அங்கே சுலபமாகக் கிடைக்காத காலம் அது. வாப்பா யாரிடமோ கொடுத்தனுப்பிய கருப்பட்டியில் பாதி அதற்கே போனது. நான் பாடமாக்கி வைத்திருந்த "ஹாலு கிஹினே?" என்பதைச் சொன்னேன். எப்படி இருக்கிறீர்கள் என்று பொருள். அவர் என் இரு கன்னங்களையும் பிடித்துக்கொண்டு நான் விளங்காத வேகத்தில் நிறையப் பேசினார். அன்றிலிருந்து எங்களுக்கு அந்த ஊர் வேறு ஊராகத் தெரிந்தது. தண்ணீரின் உப்பு குறையவில்லை, மரக்கறி மலியவில்லை. ஆனால் கேட்கவும் சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள்.

இந்த இடத்தில் எனக்கு இப்னு பதூதா நினைவுக்கு வருகிறார். மொரோக்கோவிலிருந்து புறப்பட்ட அந்தப் பெரும் பயணி 1343இல் மாலைதீவுக்கு வந்தார், அங்கே காழியாகவும் நியமிக்கப்பட்டார். மார்க்கம் ஒன்றுதான், அறிவும் பதவியும் அவரிடம் இருந்தன. ஆனாலும் பெண்களின் உடை விடயத்தில் தமது கட்டளை அங்கே செல்லவில்லையென்று அவரே தமது பயண நூலில் சொல்கிறார். ஊர்ப் பெரியவர்களோடு மனக்கசப்பும் ஏற்பட, அங்கிருந்து வெளியேறி 1344இல் நமது இலங்கைக்கு வந்தார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. எனக்குப் படுவது இவ்வளவுதான்: ஒரே மார்க்கம் நமக்கு வாசலைத் திறந்துவிடும். உள்ளே போய் உட்கார்ந்து அளவளாவ, அந்த வீட்டு மொழியும் வழக்கமும் வேண்டும். மார்க்கத்தில் இல்லாத நமது ஊர் வழக்கங்களை மார்க்கமென்று எண்ணி, அவை இல்லாதவர்களைக் குறைவாகப் பார்ப்பது நம்மில் பலரிடம் இருக்கும் பழக்கம். எங்களிடமும் இருந்தது.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நமது ஊர்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வெளிநாடு போகின்றன. சம்பளம், விசா, விமானச் சீட்டு எல்லாவற்றையும் பேசி முடிவெடுக்கிறீர்கள். பிள்ளையின் மொழியைப் பற்றியும் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். மாலைதீவுப் பாடசாலைகளில் திவேஹியும் இஸ்லாமும் தவிர்ந்த ஏனைய பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழுக்கு அங்கே இடமில்லை. உம்மா ஊரிலிருந்து நமது அரசாங்கப் பாடநூல்களைக் கொண்டுவந்து வாரத்தில் மூன்று இரவுகள் எங்களுக்குத் தமிழ் படிப்பித்தார். நான் முணுமுணுத்தேன், தம்பி தூங்கினான். அப்படியிருந்தும் தரம் 11க்குத் திரும்பி வந்தபோது முதல் தவணைத் தமிழில் எனக்கு 38 புள்ளிகள். "ரகர றகர" பேதம் அடியோடு மறந்திருந்தது. வரலாறு இன்னும் மோசம். சாதாரண தரத்தில் தாய்மொழியும் வரலாறும் கட்டாய பாடங்கள் என்பதை எல்லோரும் அறிவீர்கள். எங்கள் தமிழ் ஆசிரியை பாடசாலை முடிந்த பின்பு எனக்காக ஒதுக்கிய நேரம் இல்லாவிட்டால் நான் இன்று இந்த வகுப்பில் இருக்கமாட்டேன். போகும் நாட்டின் மொழியைக் கற்பதும், தன் மொழியைக் காப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல. இரண்டும் பிள்ளைக்கு வேண்டும். இரண்டையும் செய்ய ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இனி, என்னை அதிகம் உறுத்துகிற விடயத்திற்கு வருகிறேன். கொழும்பிலும் தெஹிவளையிலும் மாலைதீவுக் குடும்பங்கள் பல வசிக்கின்றன. பிள்ளைகளின் படிப்புக்காகவும் மருத்துவத்திற்காகவும் அவர்கள் நம்மிடம் வருகிறார்கள். நாங்கள் அங்கே எப்படியோ, அப்படியே அவர்கள் இங்கே. கடந்த வருடம் நான் போகும் தனியார் வகுப்புக்கு ஒரு மாலைதீவுப் பிள்ளை வந்தாள். தமிழ் தெரியாது, சிங்களம் தெரியாது, ஓர் ஓரத்தில் தனியாக இருப்பாள். அவள் ஆங்கிலம் பேசும் விதத்தைச் சிலர் பேசிக் காட்டினார்கள். அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள். "காசுள்ள ஆட்கள், பெருமை, ஒருத்தரோடும் பேசமாட்டாள்" என்றார்கள்.

நான் என்ன செய்தேன்? இரண்டு வாரம் ஒன்றும் செய்யவில்லை. திவேஹி தெரிந்த ஒரேயொரு ஆள் அந்த வகுப்பில் நான்தான். பேசினால் என்னையும் அவளோடு சேர்த்துக் கேலி செய்வார்களோ என்ற பயம். செருப்பில்லாமல் தத்தாவின் பின்னால் ஓடிய நானே அப்படி இருந்தேன். மூன்றாவது வாரம்தான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து "ஹாலு கிஹினே?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்ல முன்பே கண் கலங்கிவிட்டாள். அவள் பெருமைக்காரியல்ல. பேசுவதற்கு ஒரு சொல் இல்லாமல் இருந்தவள். அவ்வளவுதான். இப்போது அவள் எங்கள் கூட்டத்தில் ஒருத்தி. முதலில் கேலி செய்த பிள்ளையிடமிருந்தே கொத்து ரொட்டி சாப்பிடப் பழகிவிட்டாள்.

வெளிநாட்டில் நமக்கு யாராவது உதவினால் அதை வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். யாராவது இழிவுபடுத்தினால் அதையும் மறக்கமாட்டோம். ஆனால் நமது ஊருக்கு வருகிறவர்கள் நம்மைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டு போவார்கள் என்று எப்போதாவது யோசித்திருக்கிறோமா? வேறு நாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. வேறு மாவட்டத்திலிருந்து இடம்மாறி வந்து, நம்முடைய பேச்சுத் தமிழ் விளங்காமல் வகுப்பில் தனித்திருக்கும் பிள்ளைகள் நமது கல்லூரியிலேயே இருக்கிறார்கள். அவர்கள் "என்னவன்" என்றால் சிரிக்கிறோம், "மறுகா" என்றால் சிரிக்கிறோம்.

போகிறவர்கள் கொஞ்சம் கற்றுக்கொண்டு போகவேண்டும். இருக்கிறவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கவேண்டும். என் கருத்து இதுதான். இதற்குப் பணமோ பட்டமோ தேவையில்லை.

நாங்கள் ஊருக்குத் திரும்பிய நாளில் பக்கத்து வீட்டுத் தத்தா இறங்குதுறைவரை வந்தார். உம்மாவின் கையில் ஒரு மாசிப் பொதியைத் திணித்தார். அது முடிந்து வெகு காலமாகிவிட்டது. அந்தப் பொதி வந்த தகரப் பெட்டி இன்னும் எங்கள் குசினியில் இருக்கிறது. வெறும் பீங்கானை மதிலில் வைத்துவிட்டு வந்த அந்த நாளை உம்மா இன்றும் சொல்லி வருந்துவார். அந்தக் கடனை அங்கே போய்த் தீர்க்க எங்களால் முடியாது. இங்கே வருகிறவர்களிடம்தான் தீர்க்கவேண்டும்.

இன்ஷா அல்லாஹ், நாளை வகுப்பில் ஒரு புதுமுகத்தைக் கண்டால், அவளுடைய மொழியில் ஒரேயொரு சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதை அவளே சொல்வாள்.